தானாக முன்வந்தவள்

அத்தியாயம் 14

நேற்றுக் கிளம்ப வேண்டிய விமானம் இயந்திரக் கோளாறு என்று நின்றுபோனதிலிருந்து மூத்தவளுக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. இன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்குக் கிளம்பும் விமானத்தில் இடம் தந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கே வந்து, ஏழாம் எண் வாசலுக்கு நேர் எதிரே முதல் வரிசை நாற்காலியைப் பிடித்துவிட்டாள். மடியில் ஆஸ்பத்திரிக் கோப்பு. பக்கத்தில் கணவர்.

கணவரை அக்கம்பக்கத்தில் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். பதினெட்டாவது மாடி உயரத்தில், அந்தரத்தில் தொங்கும் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு நிதானமாக டீ குடிக்கக்கூடிய மனிதர். அப்படிப்பட்டவர் மூன்று வாரமாக ஒழுங்காகத் தூங்கவில்லை. கேட்டால் உடம்புச் சூடு என்பார்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குக் காரணம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. மூத்தவளுக்கு ஒரே தம்பி. கணக்கு டியூஷன் எடுப்பவன். அவன் ரத்தத்தில் நோய் வந்துவிட்டது. வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பான் என்றார்கள். சொந்தபந்தத்தில் பதினோரு பேரைச் சோதித்ததில் அக்காவுடையது மட்டும்தான் பொருந்தியது. நாளைக் காலை ஏழு மணிக்கு அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, கையோடு தம்பிக்கு ஏற்ற வேண்டும். ஒன்பது வயது மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் தம்பி இருக்கும் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

கவுன்ட்டரில் நின்ற நீலச்சட்டைப் பெண் பேசினாள். நேற்றைய பயணிகளும் இன்றைய பயணிகளும் சேர்ந்துவிட்டதால் விமானத்தில் இருக்கும் இடத்தைவிட ஒன்பது பேர் அதிகமாக இருக்கிறார்களாம். இன்றைக்கு அந்த ஊருக்கு வேறு விமானம் இல்லையாம்; நாளைய விமானத்தில் போகச் சம்மதிப்பவர்கள் தானாக முன்வந்தால் நல்ல ஓட்டலில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, அதற்கு மேல் ஒரு தொகையும் தருவார்களாம்.

கூட்டம் சிரித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

 பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எப்போதும் பத்துப் பேராவது கடைசி நேரத்தில் வராமல் போய்விடுவார்களாம். அந்தக் கணக்கில் இருக்கிற இடத்தைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்றுவிடுவார்களாம். இன்றைக்குப் பார்த்து ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வந்து தொலைத்துவிட்டார்கள். யாரும் முன்வராவிட்டால் அவர்களே ஒன்பது பேரைப் பொறுக்கி இறக்கிவிடுவார்கள் என்று அவர் சொன்னதும் மூத்தவளின் விரல்கள் கோப்பை இறுக்கிக்கொண்டன. யாரைப் பொறுக்குவார்கள்? மலிவான டிக்கெட்காரர்களையா? கடைசியில் பேர் சேர்ந்தவர்களையா? இரண்டும் அவள்தான்.

"நான் போய் விசாரிச்சுட்டு வரேன். நீ இங்கயே இரு" என்று லிஃப்ட்காரர் எழுந்து போனார்.

அவர் போன கையோடு செல்போன் அடித்தது. தம்பியின் மனைவி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தம்பிக்கு வாயெல்லாம் புண்ணாகிப் பேச முடியவில்லையாம். காலையில் எடுத்த ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஒன்றுகூட இல்லையாம். அப்படித்தான் ஆக வேண்டும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாராம். ஆனால் ஒரு மணி நேரமாகக் காய்ச்சல் ஏறுகிறதாம். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மூத்தவள் "ம்" கொட்டிக்கொண்டு, மறு காதைப் பொத்திக்கொண்டு, குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

லிஃப்ட்காரர் ஒரு தாளும் பேனாவுமாக வந்து நின்றார். நேற்று விமானம் ரத்தானவர்கள் எல்லாரும் இதில் கையெழுத்துப் போட வேண்டுமாம் என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னார். கோப்பின் மேலேயே தாளை வைத்துக் கட்டை விரலால் இடத்தைக் காட்டினார். அவள் போட்டாள். புருஷன் நீட்டிய தாளை யார் வரி வரியாகப் படிக்கிறார்கள்?

ஒலிபெருக்கி மறுபடியும் பேசியது. தொகையை உயர்த்தியிருந்தார்கள். இந்த முறை மாணவர்கள்போல் இருந்த மூன்று பேர் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே இன்னும் சிலர். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் நன்றி சொல்லி, ஒன்பது பேர் கிடைத்துவிட்டதாக அறிவித்தாள். மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை விட்டாள். அப்பாடா.

வரிசை கட்டச் சொன்னார்கள். கூட்டம் குறையட்டும், என்ன அவசரம் என்று லிஃப்ட்காரர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு நிமிடம் பொறுத்தாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள். வரிசை நகர்ந்தது. முன்னால் இருந்தவர் சீட்டைக் கருவியில் காட்டினார். பச்சை விளக்கு. அவள் காட்டினாள்.

சிவப்பு.

நீலச்சட்டைப் பெண் திரையைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மூத்தவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவள். அந்த நேரத்திலும், இடது பக்க ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று அவள் மூளை தன்பாட்டுக்குக் குறித்துக்கொண்டது.

"மேடம், உங்க பேரு இந்த ஃப்ளைட்ல இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எல்லாரும் ஏறினதும் ஓட்டல் விவரம் சொல்றேன்."

அவள் தள்ளி நின்றாள். ஏன் நின்றாள், ஏன் அங்கேயே கத்தவில்லை என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறாள். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்த முதல் நொடியில் அவளுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து கீழே இறங்கியது. பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று கேட்ட பிள்ளையின் சந்தோஷம் அது. நாளைக் காலை அந்த வெள்ளை அறை இல்லை. முகத்தில் மூடியை வைத்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்ல மாட்டார்கள். முதுகுப் பக்கம் ஊசி இல்லை. நான் வர மாட்டேன் என்று சொல்லவில்லையே, அவர்கள்தானே ஏற்றவில்லை. என்மேல் என்ன தப்பு?

அந்த நினைப்பு முழுசாக வந்து உட்கார்வதற்குள் அவளுக்குக் குளிர்ந்துவிட்டது. காய்ச்சல் ஏறும் தம்பியை வைத்துக்கொண்டு இப்படி நினைத்தது யார்? தன்னைப் பார்த்தே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி நர்ஸைப் போனில் அழைத்தாள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வருகிறவர்களை ஒருங்கிணைக்கும் மூத்த நர்ஸ். நாளைக்குத்தான் வர முடியும்போல, ஒரு நாள் தள்ளிவைக்கலாமா என்று கேட்டாள். 

"பதறாம கேளுங்க" என்றார் நர்ஸ். "நேத்து சாயங்காலம் கடைசி மருந்தும் ஏத்தியாச்சு. உங்க தம்பியோட சொந்த மஜ்ஜை மொத்தமும் அழிஞ்சிருச்சு. அது திரும்ப வராது. இப்ப அவருக்குன்னு இருக்கறது உங்க உடம்புல இருக்கறது மட்டும்தான்."

"ஒரு நாள்தானேம்மா."

"சாதாரணமா ஒரு நாள் தாங்கும். காய்ச்சல் இல்லன்னா நானே சரின்னு சொல்லிருப்பேன். இப்ப அந்த ஒரு நாள் இருக்கானு எனக்குத் தெரியல. பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

மூத்தவள் போனை வைத்துவிட்டு நேரே கவுன்ட்டருக்குப் போனாள். வரிசையில் முக்கால்வாசிப் பேர் ஏறியிருந்தார்கள். சுவரில் கடிகாரம் இரண்டு ஐந்து காட்டியது.

அவள் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே கோர்வையாக நினைவில்லை. தம்பி, மஜ்ஜை, நாளைக் காலை ஏழு மணி. என்னைப் பிடித்து இறக்கியது அநியாயம், சட்டம் இருக்கிறது, புகார் கொடுப்பேன் என்றும் சொன்னாள்போல. நீலச்சட்டைப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள். முகத்தில் இருந்த தொழில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

"மேடம், நாங்களா இறக்கியிருந்தா நீங்க சொல்ற சட்டமெல்லாம் உண்டு. அதுக்குத் தனி நஷ்டஈடு, டிக்கெட் பணம் திரும்ப வாங்கிக்கற உரிமை, எல்லாம் உண்டு. ஆனா உங்கள நாங்க இறக்கல."

"பின்ன யாரு?"

அந்தப் பெண் ஒரு பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். மேலே தடித்த எழுத்தில் 'தானாக முன்வந்து இருக்கையை விட்டுக்கொடுத்தவர்கள்' என்று இருந்தது. கீழே ஒன்பது பேர்கள். முதலாவது அவள் பேர். இரண்டாவது அவள் கணவர் பேர். பட்டியலோடு குத்தியிருந்த தாளில் அவள் கையெழுத்து. போனில் பேசிக்கொண்டே போட்டதால் வால் நீண்டு கோட்டைத் தாண்டியிருந்தது.

"சார்தான் வந்து ரெண்டு பேருக்கும் சம்மதம்னாரு. நீங்களே கையெழுத்து போடணும்னு நான் சொன்னேன். இங்கருந்து பாத்துட்டும் இருந்தேன். நீங்கதான் போட்டீங்க."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். லிஃப்ட்காரர் முதல் வரிசை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருடைய கைப்பைகளையும் மடியில் வைத்திருந்தார். அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருடக் குடித்தனம். கல்யாணமான புதிதில் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தவர். அவளுக்குத் தெரியாமல் ஒரு பெட்டிக்கடையில் மிட்டாய்கூட வாங்கித் தின்றிராத மனிதர். அவள் நாற்காலியை நோக்கி நடந்தபோது கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு திகில்தான் வந்தது.

அவர் எதிரே போய் நின்றாள். 

"அம்மா நடந்துதான் உள்ள போனாங்க" என்றார் அவர், தரையிடம்.

அந்தக் கதை அவளுக்குத் தெரியும். அவருடைய தாய்க்குக் குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன். அரை மணி நேர வேலை என்றார்கள். செருப்பை மகனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் மயக்கத்திலிருந்து எழவேயில்லை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவர் இரண்டு தடவைக்கு மேல் பேசியதில்லை. பேசாததால் ஆறிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். மூன்று வாரமாகக் கண்ணை மூடினால் அந்த ஆஸ்பத்திரி நடையும் தன் கையில் ஒரு ஜோடிச் செருப்பும்தான் வருகிறதாம். செருப்பு சில ராத்திரி அம்மாவுடையது, சில ராத்திரி அவளுடையது. தடுக்க வாய் வரவில்லையாம். தம்பியைச் சாகவிடு என்று எந்த வாயால் சொல்வது? நேற்று விமானம் நின்றதும் ஆண்டவனே பார்த்துச் செய்தான் என்று நினைத்தாராம். இன்று அந்தப் பெண் ஆள் கேட்டபோது கால் தானாக எழுந்துவிட்டதாம்.

"ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னா டாக்டருங்க வேற ஏதாவது வழி பாப்பாங்கன்னு நெனச்சேன். வேற யாராவது கெடைப்பாங்க. இல்ல, மருந்துலயே சரி பண்ணிப் பாப்போம்னு சொல்லுவாங்க. பொண்ணுக்கு ஒம்பது வயசும்மா. நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

"வேற வழி இல்லைங்க."

"டாக்டருங்க அப்படித்தான்..."

"நான் சொல்றதக் கேளுங்க. அவன் உடம்புல இருந்த மஜ்ஜைய மருந்து வெச்சு அழிச்சுட்டாங்க. நேத்தே அழிச்சாச்சு. என்னோடத ஏத்தற இடத்தக் காலி பண்ணி வெச்சுருக்காங்க. நான் போகலன்னா அவனுக்கு ரத்தமே ஊறாது."

அவர் தலை நிமிர்ந்தது. முகம் வெளுத்துப்போனது.

"இத நீ எங்கிட்ட சொல்லவேயில்லயே."

சொல்லவில்லைதான். டாக்டர் அவளிடம் மட்டும் விளக்கியிருந்தார். ஏற்கெனவே தூங்காத மனுஷனிடம் இதையும் எதற்குச் சொல்வது என்று அவள் விழுங்கிவிட்டாள். அவர் பயத்தை மறைத்தார், அவள் விஷயத்தை மறைத்தாள். ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து தம்பியைக் குழியின் விளிம்புக்குத் தள்ளியிருந்தார்கள்.

"எனக்கும் பயம்தாங்க" என்றாள் அவள். "அந்த மெஷின் சிவப்பு காட்டினப்போ உள்ளுக்குள்ள எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. நெஜமாத்தான் சொல்றேன். போக வேணாம்னு இருந்துச்சு. உங்க மேல கோபப்பட எனக்கு எந்த யோக்யதையும் இல்ல. ஆனா எனக்கு இப்ப ஒரு சீட்டு வேணும்."

லிஃப்ட்காரர் எழுந்தார். மடியிலிருந்த பைகள் இரண்டும் கீழே விழுந்தன. எடுக்கவில்லை.

கவுன்ட்டரில் அவர் பேசியது அவளுக்குப் புதிது. வேலையிடத்தில் அவர் இப்படித்தான் பேசுவாராக இருக்கும். ஆட்கள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் கூச்சல் போடாமல், ஒவ்வொரு வார்த்தையாக. தப்பு என்னுடையது, மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய கையெழுத்து, அவள் முன்வரவில்லை, என் பேர் அப்படியே இருக்கட்டும், அவளை மட்டும் ஏற்றுங்கள் என்றார். தருவதாகச் சொன்ன எதுவும் வேண்டாம் என்றார்.

நீலச்சட்டைப் பெண் தட்டச்சுப் பலகையில் எதையெதையோ தட்டினாள். அவர்கள் விட்டுக்கொடுத்த இடங்களை வேறு இருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் ஏறி உட்கார்ந்தும்விட்டார்கள். ஏறியவரை எழுப்பி இறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றாள். கதவு இரண்டு இருபத்தைந்துக்கு மூடுவார்கள். மணி இரண்டு பதினொன்று.

அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். வெள்ளைச் சட்டையில் கட்டையும் குட்டையுமாக ஒருவர் வந்தார். கோப்பைப் புரட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"உள்ள போய் கேட்டுப் பாக்கறேன். யாராவது மனசு வெச்சாத்தான். நான் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது."

தானும் வந்து பேசுகிறேன் என்று லிஃப்ட்காரர் கேட்டதற்கு முடியாது என்று தலையசைத்துவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு விமானத்துக்குப் போகும் அந்த நீளப் பாதைக்குள் போனார்.

காத்திருந்தார்கள். வாசல் முன்னால் இப்போது அவர்களைத் தவிர யாரும் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் விமானம் நின்றது. கீழே சரக்குக் கதவை இழுத்து மூடினார்கள். பெட்டி ஏற்றும் வண்டி காலியாகத் திரும்பிப் போனது. மூத்தவள் விமானத்தின் வரிசை வரிசையான சன்னல்களைப் பார்த்தாள். ஒவ்வொரு சன்னலுக்கும் பின்னால் ஒரு தலை. அந்த ஒவ்வொருவரிடமும் இந்நேரம் அந்தக் குட்டை மனிதர் கடிதத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். யார் எழுவார்கள்? அவளாக இருந்தால் எழுவாளா? எவளோ ஒருத்தியின் தம்பிக்காக?

இரண்டு பதினேழு. வரவில்லை.

இரண்டு இருபது. லிஃப்ட்காரரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. வேண்டுகிறாரா, விநாடிகளை எண்ணுகிறாரா, தெரியவில்லை. அவள் கேட்கவுமில்லை. ஒரு முறை அவர் கை அவள் கையைத் தேடி வந்தது. அவள் விலக்கவில்லை, பிடிக்கவுமில்லை.

பாதைக்குள் காலடிச் சத்தம் கேட்டது. மேலதிகாரி தனியாகத் திரும்பி வந்தார்.  மூத்தவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அவருக்குப் பின்னால், கை நிறையப் பைகளோடு, மூச்சு வாங்க ஒரு அம்மாள் வருவது தெரிந்தது. ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோர்ட்டில் தட்டச்சு வேலை பார்ப்பவராம். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாராம்.

"இருபத்திமூணாவது வரிசை, நடு சீட்டு" என்றார் அந்த அம்மாள். "ஒரு பக்கம் குறட்டை, இன்னொரு பக்கம் முழங்கை. எனக்கே வேணாம்னு இருந்துச்சு. போங்க, சீக்கிரம் போங்க."

 மூத்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மாள் அதைப் பார்க்காததுபோல் மேலதிகாரியிடம் திரும்பி, தனக்கு என்னென்ன தரப்போகிறார்கள் என்பதை வாயால் சொல்லாமல் தாளில் எழுதித் தரச் சொன்னார். இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர் வாக்குமூலத்தைத் தட்டச்சு அடிக்கிற தனக்கு வாய்ப்பேச்சின் மதிப்பு தெரியும் என்றார். நாளைக்கு ஆபீசில் திட்டு விழும், அதற்கும் ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

நீலச்சட்டைப் பெண் புதுச் சீட்டை அச்சடித்துக் கிழித்தாள். கருவியில் அவளே காட்டினாள். பச்சை.

லிஃப்ட்காரர் கீழே விழுந்து கிடந்த பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டார். பட்டையைச் சரிசெய்தார். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தார். நாளைக்கு அந்த விமானத்தில் வந்துவிடுகிறேன், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். 

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. வராததைச் சொல்லவும் நேரமில்லை.

"நான் கண்ண முழிச்சதும் முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்" என்றாள்.

"முழிச்சதும்" என்றார் அவர்.

அவள் ஓடினாள். அந்தப் பாதையில் தரை ஒவ்வொரு அடிக்கும் தடதடத்தது. விமான வாசலில் நின்ற பணிப்பெண் அவள் உள்ளே காலை வைத்ததும் கதவுப் பக்கம் கையை நீட்டினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. இவள்தான் அவள் என்று தெரிந்துவிட்டது. சிலர் அனுதாபமாகப் பார்த்தார்கள். சிலர் எழாத குற்ற உணர்வில் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இருபத்திமூன்றாவது வரிசையில் அம்மாள் சொன்னபடியே ஒரு பக்கம் குறட்டை, மறுபக்கம் முழங்கை. நடுவில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். 

ஏறிவிட்டேன் என்று தம்பியின் மனைவிக்குச் சொல்லப் போனை எடுத்தாள். மறுமுனையில் அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணி, ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டேன். கதவு மூடறாங்க. அவன் எப்படி இருக்கான்?"

"காய்ச்சல் அப்படியேதான் இருக்கு. அது இல்ல அண்ணி. நீங்க கெளம்பிட்டீங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். உடனே பேப்பர் கேட்டாரு. எழுதிக் காட்டினாரு. நான் ஏன்னு கேட்டா மறுபடியும் அதையே எழுதறாரு. மூணு தடவ எழுதிட்டாரு."

"என்ன எழுதறான்?"

"உங்கள வர வேணாம்னு எழுதறாரு."

விமானம் ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் நகரத் தொடங்கியது. பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொன்னாள். ஒரே நிமிடம் என்று மூத்தவள் விரலைக் காட்டினாள். ஏன், எதனால் என்று அவள் கேட்கக் கேட்க எதிர்முனையில் குரல் துண்டு துண்டாக உடைந்தது. அதில் "படம் அனுப்பறேன், நீங்களே பாருங்க" என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. பிறகு இணைப்பு அறுந்துபோனது.

படம் வந்தது. மேலிருந்து கீழாக, மெதுவாகத் தெளிந்தது. கோடு போட்ட தாள். தம்பியின் கையெழுத்துதான். கரும்பலகையில் எண்களை அச்சடித்ததுபோல் எழுதுகிற கை. இப்போது எழுத்துகள் மலைச்சரிவில் உருளும் கற்கள்போல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன.

முதல் வரி தெளிவாகத் தெரிந்தது. 'அக்கா வர வேண்டாம்.'

இரண்டாவது வரி பாதி. 'டாக்டர் அவளிடம் சொல்லாத ஒன்று...'

அதற்குக் கீழே சாம்பல் நிறப் பனிமூட்டம். எழுத்து இருப்பது தெரிந்தது, என்ன எழுத்தென்று தெரியவில்லை. திரையின் நடுவே சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள், விலக்கினாள், சாய்த்துப் பார்த்தாள். பணிப்பெண் மறுபடியும் வந்து பக்கத்திலேயே நின்றாள்.

இயந்திரங்கள் இரைந்தன. முதுகு இருக்கையோடு அழுந்தியது. சன்னலுக்கு வெளியே ஓடுபாதை வேகம் பிடித்து, பின்னால் போய், சட்டென்று கீழே இறங்கியது. வட்டம் சுற்றுவது நின்றது. படத்தின் மீதி வரவில்லை.